திரும்பி வராத காலடிகள்

பக்கத்து வீட்டு மிரியம் வேலியோரம் நின்று கார்லாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். "பொழுது சாயற நேரத்துல உங்கம்மா கோல்ஃப் மைதானத்துப் பக்கம் போறதைப் பார்த்தேன், கார்லா. பூட்ஸ் போட்டிருந்தாங்க. அது அவங்க பூட்ஸ் இல்ல."

அதற்கப்புறம் ஒரு வாரம் ஓடிவிட்டது. கார்லா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அம்மா என்ன சொல்வாளோ, அதை வைத்து அம்மாவின் புத்தியைப் பற்றித் தான் என்ன நினைக்க வேண்டிவருமோ என்ற பயம். ஊர் வானொலியில் தினமும் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு, சொந்த அம்மாவிடம் பேசத்தான் வாய் வரவில்லை.

புதன்கிழமை வெளுக்கும் நேரம் தொலைபேசி அடித்தது. தம்பி வெஸ்லி.

"கார்லா, மைதானத்துல பதினேழாவது குழிக்கு வா."

"மத்தியானம் அங்கதானே வரப்போறேன். ஒலிபரப்பே அங்கதான்."

"இப்ப வா. யார்கிட்டயும் சொல்லாதே. வண்டியை ஷெட் பின்னாடி விட்டுட்டு நடந்து வா."

"என்னடா ஆச்சு?"

"வந்து பாரு. என் வாயால சொன்னா நீ நம்பமாட்டே."

கேன்சஸ் சமவெளியில் ஜூன் மாதத்து அந்த வாரம் வால்நட் ஃபோர்க் ஊருக்கு இரண்டு காரியம் ஒன்றாக வரும். கோதுமை அறுப்பு ஒன்று, கோல்ஃப் போட்டி ஒன்று. முப்பத்து நாலு வருஷமாக நடக்கிற போட்டி. தொலைக்காட்சியில் வருகிற பெரிய ஆட்டக்காரர்கள் இதற்கு வரமாட்டார்கள். பெரிய சுற்றுக்குள் இன்னும் நுழையாத பையன்களும், அங்கிருந்து சறுக்கி விழுந்து மறுபடி ஏறப் பார்க்கிற ஆண்களும்தான் வருவார்கள். ஊரில் இதைச் சின்னச் சுற்று என்பார்கள். சின்னச் சுற்றானாலும், ஊர் அதற்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கும்.

அந்த மைதானத்தின் புல்லை ஒரு மனிதர் ஆயுளில் பாதி காலம் கவனித்தார். கார்லாவின் அப்பா லோவெல் பென்னர். மார்ச் மாதம் ஒரு காலை, ஷெட்டில் புல்வெட்டியின் பிளேடைத் தீட்டிக்கொண்டிருந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார். அவர் வேலையை வெஸ்லியிடம் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்று முழுசாகச் சொல்ல முடியாது. 'இந்தப் போட்டி முடியட்டும், பார்க்கலாம்' என்றார் கிளப் தலைவர், பல் டாக்டர் ஃப்ரீசன். ஞாயிறு சாயங்காலம் கமிட்டி கூடும். விச்சிட்டாவில் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவன் அந்த வேலைக்குப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். வெஸ்லிக்குத் தெரிந்தது அப்பா தெரியவைத்தது மட்டும்தான்.

கார்லா ஓடைப் பாலத்தைத் தாண்டி மேடேறினாள். காட்டன்வுட் மரங்களிலிருந்து பஞ்சு உதிர்ந்து காற்றில் மிதந்தது. பதினேழாவது குழியின் புல்வட்டம் பனி போர்த்திக்கொண்டு வெள்ளி மாதிரிக் கிடந்தது. ஓரத்தில் வெஸ்லி. அவனுக்குப் பக்கத்தில், அப்பாவின் காலத்திலிருந்து புல் வெட்டுகிற ராமோன், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு.

"என்ன ராமோன், சர்ச்சுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?"

"முதலாளி வந்துட்டுப் போயிருக்காரும்மா. தொப்பியோட நிக்க மனசு வரல."

"சும்மா இருங்க ராமோன்," என்றான் வெஸ்லி. குரலில் அதட்டல் இல்லை.

அப்புறம்தான் கார்லா பார்த்தாள்.

மணல்பள்ளத்தின் விளிம்பில் தொடங்கி, புல்வட்டத்தின் நடுவாக, பின்பக்க இடது மூலையை நோக்கிக் காலடிகள். பனியில் பதிந்த ஈரத் தடம் இல்லை அது. புல்லே செத்து, பழுப்பாகக் காய்ந்து, பாதத்தின் வடிவத்தில் கிடந்தது. பெரிய பாதம். ஒவ்வொரு அடியிலும் வலது கால் நேராக, இடது கால் வெளிப்பக்கம் திரும்பி.

அவள் குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

டிராக்டர் கவிழ்ந்து இடது கணுக்கால் நொறுங்கிய நாளிலிருந்து அப்பா அப்படித்தான் நடந்தார். அவர் வருவதைத் தூரத்திலிருந்தே அந்த நடையை வைத்துச் சொல்லிவிடலாம்.

தடம் போகப் போக வெளிறியது. மூலைக்குப் போனதும், இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில், மஞ்சளாக, குழியில் நட்டிருந்த கொடியைப் பார்த்து நின்றன. அதோடு சரி. திரும்பி வந்ததற்கு ஒரு அடியும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை மூலை," என்றாள் மெதுவாக. கடைசி நாள் ஆட்டத்துக்கு வருஷா வருஷம் குழி அந்த மூலையில்தான் வெட்டுவார்கள். அதிகாரிகள் யார் வந்தாலும் அப்பா அவர்களைக் கூட்டிவந்து அங்கே நிற்க வைத்துச் சம்மதிக்க வைத்துவிடுவார்.

"பேய் இல்ல," என்றான் வெஸ்லி. "போன செவ்வாய் சாயங்காலம் மணல்பள்ளத்து ஓரத்துல களைக்கொல்லி அடிச்சேன். அது காயறதுக்குள்ள யாரோ அதை மிதிச்சுட்டு இங்க நடந்திருக்காங்க. மிதிச்ச இடம் உடனே தெரியாது. ஒரு வாரம் கழிச்சுத்தான் சாகும். நேத்து லேசா மஞ்சள் தட்டுச்சு. இன்னிக்கு இப்படி."

"யாரோன்னா?"

"பதிமூணாம் நம்பர் பூட்ஸ், கார்லா. நீயே சொல்லு."

ராமோன் சிலுவை போட்டுக்கொண்டார். வெஸ்லி அவரைக் குழி வெட்டும் குழாயை எடுத்துவர அனுப்பினான். ஷெட்டுக்குப் பின்னால் நாற்றுப் புல்வெளி ஒன்று உண்டு. அதிலிருந்து வட்டம் வட்டமாகப் புல்லை மண்ணோடு வெட்டியெடுத்து, செத்த இடத்தில் சொருக வேண்டும். சொருகி உருளை விட்டால் பந்து ஓடும். ஆனால் பார்த்தால் தெரியும், சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி.

"டெனிஸ் இன்னிக்கு எல்லாத்தையும் பார்ப்பாங்க," என்றான். டெனிஸ், சின்னச் சுற்றை நடத்துகிறவர்கள் அனுப்பிய அதிகாரி. தினம் குழி எங்கே என்று முடிவு செய்கிறவர். "கூடவே டாக்டரும் வருவாரு. 'உங்கப்பா காலத்துல இப்படி நடக்குமா'ன்னு ஒரு கேள்வி கேப்பாரு. அவ்வளவுதான், விச்சிட்டாக்காரன் வண்டியைக் கிளப்பிடுவான்."

"பசங்க மேல போடு," என்றாள் கார்லா. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு சீக்கிரம் வந்தது. "வருஷா வருஷம் ஸ்கூல் பசங்க வேலி தாண்டிக் குதிக்கிறாங்கதானே? நான் ரேடியோவுலயே சொல்லிடறேன். யாரோ விஷமத்துக்குப் பண்ணிட்டாங்கன்னு. ஊரே உன் பக்கம் நிக்கும்."

வெஸ்லி காலடிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அம்மாவைப் போய் பாரு முதல்ல," என்றான்.

*

வெர்னா பென்னரின் சமையலறையில் முட்டைகோஸும் கறியும் வதங்குகிற வாசனை. மாவை உருட்டி, நடுவில் அதை வைத்து மூடிக்கொண்டிருந்தாள். மாடியில் தங்கியிருக்கிற மத்தேயோவுக்கு இந்த பீராக் என்றால் உயிர்.

போட்டி வாரத்தில் ஆட்டக்காரர்களை ஊர்க்காரர்கள் வீட்டில் வைத்துக்கொள்வது வால்நட் ஃபோர்க் வழக்கம். மத்தேயோ அர்ஜென்டினாவிலிருந்து முதல் தடவை வந்தபோது மீசை அரும்பிய பையன். இப்போது முன்மண்டை வழுக்கை.

"அவன் திரும்பத் திரும்ப இங்க வர்றது அவனுக்குத் துக்கம், எனக்குச் சந்தோஷம்," என்றாள் வெர்னா, மகளைப் பார்த்ததும். "மேல போயிருந்தா இங்க ஏன் வரப்போறான்? காப்பி ஊத்திக்கோ. உன் மூஞ்சி என்ன, சாம்பலைப் பூசின மாதிரி இருக்கு?"

கார்லா காப்பி ஊற்றிக்கொள்ளவில்லை. நேராகப் பின்வாசலுக்குப் போனாள்.

ஆணியில் அப்பாவின் தோல் பூட்ஸ் தொங்கியது. இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, உள்ளே எலி புகாமல் இருக்க உயரத்தில் மாட்டியிருந்தது. இடது பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். வெளி விளிம்பு தேய்ந்து சரிவாகியிருந்தது. இடுக்கில் காய்ந்த புல்.

"அம்மா. இதை யார் போட்டா?"

"நான்தான்," என்றாள் வெர்னா, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு வாரம் பயந்த கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வந்துவிட்டது.

"எதுக்கும்மா?"

"போட்டிக்கு முந்தின வாரம் அந்த மூலைக்குப் போய் நிப்பாரு உங்கப்பா. தரை இறுகியிருக்கா, பந்து நிக்குமான்னு காலாலயே பார்க்கணும்பாரு. இந்த வருஷம் அவரு இல்ல, பூட்ஸ் மட்டும் தொங்கிக்கிட்டிருக்கு. பார்க்கப் பாவமா இருந்துச்சு. கூட்டிட்டுப் போனேன்."

"பூட்ஸையா?"

"பின்ன? உன்னைக் கூப்பிட்டா நீ வருவியா? ரேடியோவுல பேசவே உனக்கு நேரம் பத்தல."

கார்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உன் கால் அதுல எப்படிம்மா நிக்கும்?"

"மூணு சாக்ஸ் போட்டேன். அப்பவும் தொளதொளங்குது. கயிறு கட்ட என் விரலுக்கு எங்க வருது? அப்படியே இழுத்துக்கிட்டுப் போனேன்." வெர்னா முட்டி வீங்கிய விரல்களை மாவோடு தூக்கிக் காட்டினாள். "ஆனா கார்லா, நான் சொன்னா சிரிப்பே. அது என்னை அவரு மாதிரித்தான் நடக்க வச்சுது. நான் நேரா வைக்கப் பார்க்கறேன், இடது கால் தானா வெளியே போகுது. நாப்பது வருஷமா 'ஏன் இப்படிக் காலை இழுக்கறீங்க, தரை பாழாகுது'ன்னு திட்டினேன். அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அப்படி நடந்தா அந்த மேட்டுல எவ்வளவு வலிக்கும்னு."

அடுப்பில் கறி சீறியது. கார்லா எழுந்து தீயைக் குறைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "வரும்போது?"

"வெறுங்காலோட வந்தேன். மூலைக்குப் போனதும் கழட்டிட்டேன். கொடியைப் பார்த்த மாதிரி வச்சேன். அவரு நின்னு பார்க்கட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன்."

"அங்கேயேவா விட்டே?"

"அங்கேயேதான்."

"அப்ப இங்க ஆணிக்கு எப்படி வந்துச்சு?"

"காலைல எழுந்து பார்க்கறேன், தொங்குது." வெர்னா அடுத்த உருண்டையை எடுத்தாள். "அவருக்கு வீட்டுக்கு வழி தெரியாதா என்ன?"

கார்லா ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முடிச்சு. ஒரு கயிறு மேல் சுற்றாகவும் ஒன்று கீழ் சுற்றாகவும் போய், நடுவில் காது மாதிரி ஒரு வளையம் விட்டு. ஒற்றைக் கையால் இழுத்தால் அவிழும் என்று சின்ன வயதில் அவளுக்கும் தம்பிக்கும் அப்பா சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு வரவே இல்லை.

வெஸ்லியின் வேலை, என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்கு அந்த முடிச்சு வரும். அவன்தான் எடுத்துவந்து மாட்டியிருக்கிறான். அதனால்தான் அம்மாவைப் போய் பார் என்றான்.

"கார்லா, நான் ஏதாவது கெடுத்துட்டேனா?"

"இல்லம்மா. ஒண்ணுமில்ல. ஆனா நீ போனதை யார்கிட்டயும் சொல்லாதே. மத்தேயோகிட்டகூட."

"எனக்கென்ன, பைத்தியமா? சொன்னா பைத்தியம்பாங்க." வெர்னா மாவு படிந்த முழங்கையால் ஜன்னலில் இருந்த வானொலிப் பெட்டியின் தூசியைத் துடைத்தாள். "மத்தியானம் கேப்பேன். போன வருஷம் பதினேழாவது வந்ததும் உங்கப்பாவைப் பேச வச்சியே. இந்த வருஷம் தம்பியை நல்லாப் பேச வை."

*

கார்லா மேடேறித் திரும்பியபோது ஒட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். மணல்பள்ளத்துப் பக்கம் அடர் பச்சை வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. மூலையில் இருந்த மஞ்சள் ஜோடியை மட்டும் வெஸ்லி தொடவில்லை. அது சாகவில்லை, பிழைத்தாலும் பிழைக்கும் என்றான்.

"அம்மாதான்டா," என்று காதோடு சொன்னாள்.

"ம்," என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

அவனுக்கு அதிர்ச்சியே இல்லை என்பது கார்லாவின் மனதில் முள்ளாக நின்றது. கேட்க நேரமில்லை. டாக்டர் ஃப்ரீசனும் டெனிஸும் வந்துவிட்டார்கள்.

பல் டாக்டர் குனிந்து ஒட்டுகளைப் பார்த்தார், சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி. "என்ன வெஸ்லி இது? உங்கப்பா காலத்துல..."

"ஒலிபரப்பு தொடங்கப்போகுது டாக்டர்," என்று கார்லா குறுக்கே புகுந்தாள். "அதுல எல்லாம் சொல்றோம்."

வெஸ்லி அவளைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்: நான் பார்த்துக்கறேன்.

டெனிஸ் எதுவும் பேசாமல் மூலைக்கு நடந்தார். மஞ்சள் ஜோடிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

பகல் உச்சிக்கு வந்தது. கார்லா ஒலிவாங்கியை எடுத்தாள். ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆட்டக்காரர்களோடு ஜோடி சேர்ந்து ஆடுகிற நாள் அது. வங்கி மேலாளர் அடித்த பந்து சாலையைத் தாண்டி லூத்தரன் சர்ச் புல்வெளியில் விழுந்தது.

"வால்நட் ஃபோர்க் மக்களே, நம்ம முப்பத்து நாலாவது ஓபன் போட்டி நாளைக்குக் காலைல. தெற்குக் காத்து நாலு நாளும் விடாதுன்னு சொல்றாங்க. மழை குறைச்சல், தரை இறுகிக் கிடக்கு. பந்து ஓடும். ஒன்பதாவது குளத்துல தண்ணி இறங்கியிருக்கு, ஆனா நம்ம வங்கி மேலாளர் இன்னிக்கு ஒரு டஜன் பந்தைப் போட்டு அதை ரொப்பிட்டாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனாள். போன வருஷம் ஜெயித்த கேலன் இந்த வருஷம் இல்லை, பெரிய சுற்றுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமைத் தகுதி ஆட்டத்தில் நம் பள்ளி விஞ்ஞான வாத்தியார் டஸ்டின் உள்ளே நுழைந்துவிட்டார், அவர் மாணவர்கள் விசில் வாங்கி வைத்திருக்கிறார்கள். மத்தேயோ இந்தத் தடவையும் வந்திருக்கிறார்.

"இங்க ஒரு விசித்திரம் இருக்கு, உங்களுக்கே தெரியும். நம்ம ஊர்ல திரும்பி வராதவங்கதான் ஜெயிச்சவங்க..." தண்ணீர் குடிக்கிற சாக்கில் நிறுத்தினாள். அம்மாவின் ஜன்னலில் இந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்.

"சரி, பதினேழாவது. போன வருஷம் இந்த இடத்துல அப்பா பேசினாரு. இந்த வருஷம் வெஸ்லி பென்னர் என் பக்கத்துல. மக்களே, புல்வட்டத்துல கொஞ்சம் ஒட்டு தெரியும், பயப்படாதீங்க. போன வாரம் ஸ்கூல் பசங்க சிலபேரு..."

"பசங்க இல்ல," என்றான் வெஸ்லி.

ஒலிவாங்கி அவன் பக்கம் சாய்ந்தது. கார்லாவின் கையா சாய்த்தது, அவனா இழுத்தான், தெரியவில்லை.

"பசங்க மேல பழி போடக்கூடாது. மருந்து அடிச்சது நான். அடிச்ச இடத்தைச் சுத்திக் கயிறு கட்டணும், சின்னக் கொடி நடணும். அப்பா கட்டாம விட்டதே கிடையாது. அன்னிக்கு எம்பொண்ணுக்கு சாஃப்ட்பால் மேட்ச், லேட்டாயிடுச்சுன்னு கட்டாமப் போயிட்டேன். நடந்தவங்க மேல தப்பில்ல. கயிறு இருந்திருந்தா நின்னிருப்பாங்க."

காற்று மட்டும் ஒலிவாங்கியில் மோதியது. வானொலியில் மௌனம் எவ்வளவு பெரிய குற்றம் என்று கார்லாவுக்குத் தெரியும். அவளால் அதைக் கலைக்க முடியவில்லை.

"மத்தபடி நல்லா இருக்கு தரை," என்றான் வெஸ்லி. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க."

*

"யாரு நடந்தது?" டாக்டர் ஃப்ரீசன் கேட்டார், ஒலிபரப்பு முடிந்ததும். "அதை ஏன் சொல்லல?"

"என் வீட்டு ஆளு. அதுக்கு மேல கேக்காதீங்க டாக்டர்."

"கமிட்டி கேக்கும்."

"என்னைக் கேக்கட்டும்."

டாக்டரின் கண் ஒட்டுகளைத் தாண்டி, மூலைக்குப் போய், இடது பக்கம் திரும்பிய அந்த மஞ்சள் பாதத்தில் நின்றது. அவரும் லோவெலும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பேசலாம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நல்ல குரலா கெட்ட குரலா என்று பிரித்தறிய முடியவில்லை.

டெனிஸ் இன்னும் மூலையிலேயே இருந்தார். "வெஸ்லி, இங்க வாங்க."

போனான். கார்லாவும் போனாள்.

"நாலு வருஷமா உங்கப்பா என்னை இதே இடத்துல நிக்க வச்சு வழக்காடுவாரு. நான் வேற இடம் சொல்வேன், அவரு கேக்கவே மாட்டாரு." டெனிஸ் முழங்காலிட்டு உள்ளங்கையால் புல்லைத் தடவினார். "தரை உறுதியா இருக்கு. ஞாயித்துக்கிழமை குழி இங்கதான்."

"மஞ்சளா இருக்கே டெனிஸ்."

"குழி வெட்டினா மஞ்சளும் சேர்ந்து போயிடும்."

"ஒரு கால்தான் போகும். இன்னொண்ணு?"

டெனிஸ் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "ஒண்ணு இருக்கட்டும். பந்தை அது ஒண்ணும் பண்ணாது."

பைக்குள்ளிருந்து அடையாளத்துக்கு வெள்ளைக் குச்சி ஒன்றை எடுத்து, வலது பாதத்தின் நடுவில் தலை மட்டும் தெரிகிற மாதிரி அழுத்தி வைத்துவிட்டு, அடுத்த குழியைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்காவும் தம்பியும் தனியாக நின்றார்கள். காட்டன்வுட் பஞ்சு ஒன்று வந்து மஞ்சள் பாதத்தின் மேல் உட்கார்ந்தது, பறந்தது.

"முட்டாள்," என்றாள் கார்லா. "வேலை போனா என்ன பண்ணுவே?"

"தெரியல. அம்மா கேட்டுக்கிட்டிருப்பாங்க. அவங்க காதுல பொய் விழ வேண்டாம்னு தோணுச்சு."

அவள் அவன் தோளில் லேசாகக் குத்தினாள். "இந்தப் புத்தி உனக்கு அன்னிக்கே இருந்திருக்கலாம். பூட்ஸைக் கொண்டுபோய் ஆணியில மாட்டினியே, அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

வெஸ்லி நிமிர்ந்தான். "நான் மாட்டலையே."

"அப்பா முடிச்சு போட்டிருக்கு. எனக்கு அது வராது. அம்மா விரலுக்கும் வராது."

"கார்லா, நான் தொடவே இல்ல." அவன் மூலையைக் கைகாட்டினான். "பார்த்தேன். அதை ஒத்துக்கறேன். போன புதன்கிழமை இருட்டு பிரியறப்போ வந்தேன். இங்க பூட்ஸ் நின்னுக்கிட்டிருந்துச்சு, கொடியைப் பார்த்துக்கிட்டு. பனி அப்படியே மூடியிருந்துச்சு. கிட்டப் போக எனக்குத் தைரியம் வரல. உடனே தண்ணி பாய்ச்சியிருந்தா பாதிப் புல்லாவது பிழைச்சிருக்கும். வண்டியைத் திருப்பிக்கிட்டு ஷெட்டுக்கு ஓடிட்டேன். வாரம் பூரா இந்தப் புல்லைப் பார்த்துக்கிட்டே இருந்தேன், எப்ப சாகும்னு."

"அதான் உனக்கு அதிர்ச்சியே இல்லை."

"ஒரு காப்பி குடிச்சுட்டு, மனசைத் தேத்திக்கிட்டுத் திரும்பி வந்தேன். பூட்ஸ் இல்ல. நீயோ அம்மாவோ எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் அன்னிக்கு இந்தப் பக்கமே வரல."

"பனியும் இல்ல, கார்லா."

"வெயில் வந்தா போகாதா?"

"வெயில் எங்க வந்துச்சு? தட்டியிருந்துச்சு." விடியலில் புல்வட்டத்தின் மேல் நீளமான கழியை வீசிப் பனியைத் தட்டிவிடுவது அவர்கள் அன்றாட வேலை. தட்டின கோடு ஈரத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். வெஸ்லி கையை மூலையிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக வீசிக் காட்டினான். "விசிறி மாதிரி. இந்த மூலையில ஆரம்பிச்சு, வெளியே. நாங்க எல்லாரும் குறுக்கு வாட்டுலதான் தட்டுவோம். ராமோனும் அப்படித்தான். இப்படித் தட்டினது ஒரே ஆளுதான். அந்த நேரத்துக்கு இன்னும் யாரும் வேலைக்கே வரல, கழி ஷெட்டுல காய்ஞ்சு கிடந்துச்சு."

கார்லா திரும்பி மேட்டுக்குக் கீழே பார்த்தாள். அம்மா வீட்டுப் பின்வாசல் இங்கிருந்து நன்றாகத் தெரியும். ஆணியில் கறுப்பாக ஒரு புள்ளி.

"நாளைக்கு முதல் ஆட்டம் எத்தனை மணிக்கு?"

"ஏழுக்கு முன்னாடி. நான் இருட்டோட வந்துடுவேன்."

"தனியா வராதே," என்றாள் கார்லா. "என்னை வந்து கூட்டிக்கோ."

வெஸ்லி தலையசைத்தான். இருவரும் மேட்டை விட்டு இறங்கினார்கள். பாலத்தில் அவன் முன்னால் போக, அவள் பின்னால் வந்தாள். அவனுடைய வலது கால் நேராக, இடது கால் வெளிப்பக்கம். தம்பிக்கு எந்த விபத்தும் நடந்ததில்லை. அவன் எப்போதிலிருந்து அப்படி நடக்கிறான் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே பின்தொடர்ந்தாள்.